கம்பெனி சர்வரில் கணக்கிலேயே இல்லாத பழைய சாஃப்ட்வேர்... கண்டுபிடிப்பது எப்படி?

கொல்லிமலை தேவனூர் நாட்டில் மிளகு விற்ற ஒருவருக்கு வங்கியில் பணம் ஏறுகிறது. போனில் மெசேஜ் வருவதற்குள் அந்தக் கணக்கு, மலைக்குக் கீழே எங்கெங்கோ இருக்கும் பல சர்வர்களைத் தாண்டி வந்திருக்கும். அதில் ஒன்றில், யார் போட்டது, எதற்கு ஓடுகிறது என்றே தெரியாத பழைய சாஃப்ட்வேர் இருந்தால்?

ஒரு சர்வரை கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை இறுதியில் இந்தியா பார்த்தது. சிறு வங்கிகளுக்கு தொழில்நுட்ப சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேர் தாக்குதலில் சிக்க, என்பிசிஐ அதன் இணைப்பைத் துண்டித்தது. கிட்டத்தட்ட 300 சிறு வங்கிகளில் பணப் பரிவர்த்தனை முடங்கியது. சி-எட்ஜுடன் சேர்ந்து வேலை செய்த வேறொரு நிறுவனத்தின், சரியாக அமைக்காத ஜென்கின்ஸ் சர்வர் வழியாகவே தாக்குதல் தொடங்கியது என்றது கிளவுட்செக் நிறுவனத்தின் ஆய்வு.

எக்விஃபாக்ஸில் நடந்தது என்ன?

இன்னும் பெரிய பாடம் அமெரிக்காவில். 2017 மார்ச்சில் 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்தது. கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸ், 48 மணி நேரத்தில் சரிசெய்யச் சொல்லி 400-க்கும் மேற்பட்டோருக்கு மெயில் அனுப்பியது. ஆனால் தன்னிடம் ஸ்ட்ரட்ஸ் எங்கே ஓடுகிறது என்ற முழுப் பட்டியல் அதனிடம் இல்லை. ஸ்கேனும் மேல் ஃபோல்டரை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்றது. அது இருந்ததோ உள் ஃபோல்டரில், 1970-களில் உருவான ஒரு சிஸ்டத்தில்! சுமார் 14.7 கோடி பேரின் தகவல் திருடு போனது.

எப்படித் தேடுகிறார்கள்?

முதலில் நெட்வொர்க் ஸ்கேன். எந்த சர்வரில் எந்த போர்ட் திறந்திருக்கிறது, யார் யாரோடு பேசுகிறது என்று பார்ப்பார்கள். டேட்டாபேஸில் லாகின் ஆகும் பெயர்கள், ராத்திரியில் தானாக ஓடும் வேலைகள் இதெல்லாம் நல்ல தடயங்கள். கம்ப்யூட்டரை விட அக்கவுன்ட்ஸ் பிரிவு அதிகம் சொல்லும். வருஷா வருஷம் எந்த லைசென்ஸுக்கு பணம் போகிறது என்பது அங்கேதான் தெரியும். ரிடையர் ஆன ஊழியருக்கு ஒரு போன் போட்டால், பல நாள் தேடல் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். சர்வர் லாக்-ஐ 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு. அதோடு அழித்துவிட்டால், மார்ச் 31 அன்று மட்டும் ஓடும் வருடாந்திர கணக்கு புரோகிராம் அக்டோபரில் தேடுபவர் கண்ணில் படவே படாது.

ஆஃப் பண்ணிப் பார்க்கலாமா?

எதுவும் பிடிபடாவிட்டால் ஐடி துறையில் கடைசியாகச் செய்வது 'ஸ்க்ரீம் டெஸ்ட்'. அதாவது நிறுத்திவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. கேட்க வேடிக்கைதான். ஆனால் பவரை ஆஃப் செய்யக் கூடாது. பழைய மெஷின் மறுபடி எழாமலே போகலாம். நெட்வொர்க் இணைப்பை மட்டும் துண்டிப்பதே பாதுகாப்பு. அதிலும் சம்பள நாள், காலாண்டு முடிவு பக்கம் தொடவே கூடாது.

மென்பொருளுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும் என 2024 அக்டோபரில் செர்ட்-இன் வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிதாக வாங்குவதற்கு விற்பவரே அந்தப் பட்டியலைத் தந்துவிடுவார். எழுதியவரே போய்விட்ட பழைய சாஃப்ட்வேருக்கு, தேடிக் கண்டுபிடித்தவர்தான் அதை எழுத வேண்டியிருக்கும்.