மூடிய நெல் வேர்ப்பது ஏன்?

புரட்டாசிக் கடைசியில் தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் களத்துக்கு வருகிறது. வானமோ எந்த நேரமும் மிரட்டும். கொள்முதல் நிலையத்தில் முறை வரும்வரை அம்பாரத்தைத் தார்ப்பாயால் இறுக மூடிச் சுற்றிலும் கல் வைத்துவிடுகிறோம். மழையே பெய்யாத இரவுக்குப் பின்னும் காலையில் பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கிறது. மேல்நெல் நனைந்திருக்கிறது. பனி இறங்கிவிட்டது என்பார்கள். ஓட்டையில்லாத பாய்க்குள் பனி எப்படி இறங்கும்?

அந்த நீர் பெரும்பாலும் நெல்லிலிருந்தே வந்தது. அறுத்த நெல்லும் மூச்சு விடுகிறது. ஈரம் மிகுந்தால் மூச்சும் மிகும், சூடும் ஏறும். அம்பாரத்துக்குள் கையை நுழைத்தால் தெரியும். சூட்டில் கிளம்பும் ஆவி, இரவில் குளிர்ந்த பாயில் பட்டு நீராகிறது. பள்ளிப் புத்தகத்தில் இது 'ஆவி சுருங்குதல்'; இலங்கைப் பாடநூல்களில் 'ஒடுக்கம்'. பொதிகையில் மேலேறும் காற்று குளிர்ந்து மேகமாவதும் இதே வேலைதான். நம்மவர்கள் 'வேர்த்துப்போச்சு' என்பார்கள். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வேர்ப்பது வெளிக்காற்றின் ஈரத்தால். ஆனால் நெல்லுக்கு அந்தச் சொல் மிகப் பொருத்தம், ஈரம் உள்ளிருந்தே வருகிறதே!

கொஞ்ச நீரல்ல. 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், கொள்முதல் வரம்பான 17 சதவீதத்துக்கு வர 6 லிட்டர் நீரை விட வேண்டும். போக வழியில்லாவிட்டால் அது மேல்நெல்லிலேயே சொட்டும். பிறகு முளை, பூசணம், பழுப்பு அரிசி. கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும்போது மூட்டையும் நின்றுவிடும்.

எனவே பாய் நெல்லைத் தொடக் கூடாது. கழி நட்டு, ஒரு முழ இடைவெளி விட்டுப் பாயைக் கூரைபோல் கட்டுங்கள். மழையில்லாத நேரம் இரு முனைகளும் திறந்திருக்கட்டும். கழிக்கு வழியில்லையா? நெல்லின் மேல் காய்ந்த சாக்கு விரித்துப் பிறகு பாயைப் போடுங்கள். சொட்டும் நீரைச் சாக்கு வாங்கிக்கொள்ளும். காலையில் அந்தச் சாக்கை எடுத்துக் காயப்போட மறக்க வேண்டாம். மண் களமானால் அடியிலும் ஒரு பாய் தேவை, தரையும் ஈரம் விடும். வெயில் ஏறிப் பனி விலகியதும் திறந்து, நெல்லைப் பரப்பிக் கிண்டிவிடுங்கள்.

வெயிலில் காய்ந்த சூட்டோடு மூட்டை கட்டுவதும் தவறு, ஆறவிட்டுக் கட்டுங்கள். இரும்புத் தொட்டியில் வைப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய மண் குலுக்கை கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், இரும்பு உறிஞ்சாது. விதை நெல்லானால் 13 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கவே கூடாது.