புரதப் பொடியும் மருந்துகளும்

பாலாற்றங்கரையில் வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை அமைந்த நம் ஊர்களின் மருந்துக் கடைகளில், கண்ணுக்கு நேரே அடுக்கப்பெற்றிருப்பவை புரதப் பொடி டப்பாக்கள். தேகப்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் இளைஞன் தோள் திரள வேண்டுமென்று அதனை வாங்குகிறான். பாதரட்சைத் தொழிற்சாலையில் நாள் முழுதும் உழைத்து மீளும் பெண் சோர்வு நீங்குமென்று வாங்குகிறாள். நோயாளியைக் காணச் செல்வோர் முன்னாளில் பழமும் ரொட்டியும் கொண்டு சென்றதுபோல, இந்நாளில் ஒரு டப்பாவைக் கையில் எடுத்துச் செல்கின்றனர். வாங்குவோர் எவரும் அதனை மருந்தென்று எண்ணுவதில்லை. ஆதலின் மருத்துவரிடம் அதைப்பற்றிச் சொல்வதும் இல்லை. ஆனால் அதே வீட்டு அலமாரியில் தைராய்டுக்கும் நீரிழிவுக்கும் க்ஷய நோய்க்கும் உரிய மாத்திரைகள் இருக்கின்றன. பொடியும் மாத்திரையும் ஒரே வயிற்றினுள் சேருங்கால் நேர்வது யாது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரதம் யாதென்பதைத் தோல் தொழில் நடக்கும் ஊரினர்க்கு விளக்குதல் எளிது. பச்சைத் தோலை உப்பிட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம் பட்டையின் சாரத்திலோ குரோமிய உப்பிலோ பதப்படுத்துகிறோம். அங்ஙனம் பதம் பெறுவது புரதமே. தோலின் புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். களையப்பட்ட மயிரின் புரதத்திற்குக் கெரட்டின் என்று பெயர். பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் உள்ளவை வேறு வேறு புரதங்கள். இவை யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த மாலைகள் போல்வன. மணிகளின் வகை 20. அவற்றுள் 9 வகைகளை நம் சரீரம் தானே செய்துகொள்ள மாட்டாது. உணவின் வழியாகவே பெறுதல் வேண்டும். ஒரு புரதம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது இவ்வொன்பதும் அதில் போதிய அளவில் உளவா என்பதைப் பொறுத்தது.

இனி, டப்பாவினுள் இருப்பவற்றை நோக்குவோம். பெரும்பாலான பொடிகளின் மூலப்பொருள் பால் திரிந்த நீரேயாகும். பாலைத் திரித்துப் பாற்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிநீரில், பசும்பாலின் மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. அந்நீரை நுண்ணிய சல்லடைகளின் வழியே வடித்து உலர்த்தினால் வருவதே 'வே' புரதம். சோயா மொச்சையிலிருந்தும் பட்டாணியிலிருந்தும் எடுக்கப்படும் பொடிகளும் உண்டு. இம்மூன்றும் உண்மையான ஆகாரங்களே. அவற்றின் மேல் நமக்குப் பகையில்லை.

நான்காவதாகக் கொலாஜன் பொடி என்ற ஒன்று விற்கப்படுகிறது. இது கால்நடைகளின் தோல், எலும்பு, அல்லது மீன்தோலிலிருந்து எடுக்கப்படுவது. வஜ்ஜிரமும் ஜெலட்டினும் பிறக்கும் இடத்திலேயே இதுவும் பிறக்கிறது என்றால் மிகையாகாது. இதில் டிரிப்டோபேன் என்னும் இன்றியமையாத அமிலம் சிறிதும் இல்லை. ஆகவே இதனை மட்டும் நம்பி உடலை வளர்த்தல் இயலாது. இவ்வுண்மை புதியதன்று. பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கு எலும்பு ஜெலட்டின் கஞ்சி வார்த்த காலத்தில், அது உயிரைக் காக்குமா என்று ஆராய அமைந்த குழு, மஜாந்தி என்னும் அறிஞரின் தலைமையில், ஜெலட்டின் ஒன்றையே உண்ட நாய்கள் பிழைக்கவில்லை என்று 1841-ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. அப்பாடத்தை உலகம் மறந்தது. 1976-இலும் அதனை அடுத்தும் அமெரிக்காவில், தோல், தசைநார் முதலியவற்றைக் கரைத்துச் செய்த 'திரவப் புரதம்' உடலை இளைக்கச் செய்யும் என்று பரப்பப்பட்டது. வேறு உணவை ஏறக்குறைய முற்றும் விடுத்து அதனையே பருகியவருள் ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். அவர்களுள் நோயேதும் இல்லாதிருந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவரும் இருந்தனர். கொலாஜனை மற்ற உணவோடு சிறிது உண்பதால் இத்தகைய கேடு நேராது. எனினும் 'புரதம்' என்ற ஒரு சொல்லின்கீழ் எல்லாப் புரதமும் சமமாகா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

புரதமேயன்றி வேறு பல பொருள்களும் டப்பாவினுள் உள. பருமன் கூட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாச்சத்து. இனிப்புக்குச் சர்க்கரை அல்லது சுக்ரலோஸ். நீரில் கரைய லெசித்தின். குழைவு தரப் பசை. இவற்றோடு சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம், இரும்பு, துத்தநாகம், பொட்டாசியம், குரோமியம், பல வைட்டமின்கள். பயிற்சிக்கு முன் உண்பதற்கென்று விற்கப்படுவனவற்றில் காப்பியின் சாரமாகிய கபீனும், கிரியேட்டினும், பச்சைத் தேயிலை முதலிய மூலிகைச் சத்துக்களும் கலந்திருத்தல் உண்டு. குரோமியம் என்றவுடன் நம் ஊரினர் திடுக்கிடுவர். டப்பாவில் உள்ளதும், தோல் பதனிடும் உப்பில் உள்ளதும் மூவிணைத்திறன் உடைய குரோமியம். புற்றுநோய் விளைக்கும் அறுவிணைத்திறன் குரோமியம் வேறு. ஆயினும் முன்னதும் நீரிழிவு மருந்தின் வேலையோடு சேர்ந்து இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேற்கூறியவை டப்பாவின்மேல் அச்சிடப்படுவன. அச்சிட்டதே உள்ளிருக்கும் என்பதற்கு உறுதி யாது? புரதத்தை அளக்கும் பழைய முறை, டென்மார்க்கு நாட்டுக் கெல்டால் என்பார் 1883-இல் கண்டது. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, ஓர் எண்ணால் பெருக்குவர். பொதுவாக உணவுக்கு 6.25, பாலுக்கு 6.38, தோலுக்கு 5.62. தோல் ஆய்வுக்கூடத்திற் பயின்றோர் இவ்வெண்ணை நன்கு அறிவர். இம்முறை அளப்பது நைட்ரஜனையே. புரதத்தை நேரே அன்று. ஆகவே நைட்ரஜன் மிக்க மலிவான பொருளைக் கலந்தால் கணக்கு ஏறும், சத்து ஏறாது. 2008-ஆம் ஆண்டில் சீன நாட்டில் நீர் கலந்த பாலில் மெலமின் சேர்த்து விற்றதனால், ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 சிசுக்கள் இறந்தன. அம்மெலமினிலிருந்து செய்யும் பிசின் தோலுக்கு நிறைவு தரப் பயன்படுவது, உணவுக்கு உரியதன்று. பொடிகளில் கிளைசின் முதலிய மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்துக் கணக்கை உயர்த்துவதும் இவ்வகைப் புரட்டே.

நம் நாட்டு நிலையும் ஆராயப்பட்டுள்ளது. கேரளத்து மருத்துவர்கள் சிலர் இந்தியாவில் விற்கும் 36 பொடிகளைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ நூற்றுக்கு 70 பொடிகளில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. நூற்றுக்கு 14 அளவில், பூஞ்சையால் விளையும் அப்லடாக்ஸின் என்னும் நஞ்சு காணப்பட்டது. நூற்றுக்கு 8 அளவில் பூச்சிமருந்தின் எச்சம் காணப்பட்டது.

இனி முக்கியமான பொருளுக்கு வருவோம். பொடி மருந்தோடு மாறுபடும் வழிகள் நான்கென்று வகுக்கலாம்.

முதலாவது, குடலில் கட்டுண்ணுதல். கால்சியமும் இரும்பும் சில மருந்துகளைப் பற்றிக்கொண்டு, கரையாத கூட்டுப்பொருளாக்கிவிடும். பட்டைச் சாரத்தின் டானின் தோற்புரதத்தைப் பற்றி விடாததை நாம் கண்டிருக்கிறோம். பொருள்கள் வேறாயினும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தன்மை அத்தகையதே. கட்டுண்ட மருந்து இரத்தத்தில் சேராது வீணே வெளியேறும். டெட்ராசைக்கிளின், டாக்ஸிசைக்கிளின், ஸிப்ரோபிளாக்ஸசின், லெவோபிளாக்ஸசின் ஆகிய கிருமிக்கொல்லிகள் இங்ஙனம் வலுவிழப்பன. இவற்றுள் லெவோபிளாக்ஸசின், சாதாரண மருந்துக்கு அடங்காத க்ஷய நோய்க்குத் தரப்படுவது. நோயாளிக்குப் பலம் வேண்டுமென்று அன்போடு தரும் பாற்பொடி, மாத்திரை விழுங்கிய வேளையிலேயே தரப்படின், நோய்க்கிருமிக்குப் பலம் தருவதாய் முடியும். தைராய்டுக் குறைக்குரிய லெவோதைராக்ஸினும் கால்சியம், இரும்பு, சோயா ஆகியவற்றால் தடைப்படும். இதற்கும் கால்சியம், இரும்பு உள்ள பொடிக்கும் இடையே 4 மணி நேரமேனும் இருத்தல் வேண்டும். எலும்பு மெலிவுக்குரிய அலெண்ட்ரோனேட்டை வெறுவயிற்றில் வெறும் தண்ணீருடன் மட்டுமே உட்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது, வாயிலில் நெருக்குதல். நடுக்குவாதத்திற்குத் தரும் லெவோடோபா தானும் ஓர் அமினோ அமிலம். குடலிலிருந்து இரத்தத்திற்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்லும் வாயில்களில் அது மற்ற அமினோ அமிலங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. மிகுந்த புரதம் ஒரே வேளையில் வந்தால் மருந்து பின்தங்கும். கைந்நடுக்கமும் விறைப்பும் மீளும். வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று கலங்குவர். காரணம் காலையில் பருகிய கிண்ணமாக இருக்கலாம்.

மூன்றாவது, வேலையை எதிர்த்தல் அல்லது கூட்டுதல். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உண்போர், வைட்டமின் 'கே' மிகுந்த பொடியை உண்டால் மருந்தின் வேலை குன்றும். இரத்த அழுத்தத்திற்கு எனாலாபிரில், லோசார்டன் முதலியன உண்போர்க்குப் பொட்டாசியம் மிகுந்த பொடி இரத்தத்தில் பொட்டாசியத்தை அளவுக்கு மேல் ஏற்றக்கூடும். நீரிழிவு உடையார்க்கு மால்டோடெக்ஸ்ட்ரின் சர்க்கரையை விரைவில் ஏற்றும். 'வே' புரதமோ இன்சுலின் சுரப்பைத் தூண்டும். ஸிப்ரோபிளாக்ஸசின் கபீனைச் சரீரம் கழிப்பதைத் தாமதப்படுத்துவதால், கபீன் கலந்த பொடியோடு சேரின் படபடப்பும் உறக்கமின்மையும் உண்டாகும்.

நான்காவது, சிறுநீரகத்தின் சுமை. சிறுநீரகம் தளர்ந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்க்குப் புரதத்தை அளவோடு நிறுத்துவது வழக்கம். டயாலிசிஸ் தொடங்கியவர்க்கோ, புரதம் வீணாவதால், கூடுதலாக வேண்டும். ஒரே நோயின் இருவேறு படிகளில் அறிவுரை நேர் எதிராக இருத்தலைக் காண்க. கிரியேட்டின் கலந்த பொடியோ, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவை உயர்த்திக் காட்டி, சிறுநீரகச் சோதனையைப் பிறழ உணரச் செய்தலும் கூடும்.

அங்ஙனமாயின் புரதப் பொடி எவர்க்கும் வேண்டாததோ எனின், அன்று. மெல்ல இயலாத முதியோர், பெரிய சத்திர சிகிச்சையிலிருந்து மீள்வோர், புற்றுநோயால் மெலிந்தோர் ஆகியோர்க்கு மருத்துவரே அதனை எழுதித் தருவதுண்டு. நாம் மறுப்பது பொடியையன்று. கேளாமல் உண்ணும் பழக்கத்தையே.

ஆரோக்கியமுள்ள மாணவனுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? 1918-இல் குன்னூரில் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்குச் சென்ற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று 2020-இல் வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவனுக்கு இது ஏறக்குறைய 50 கிராம். இனிக் கணக்கிடுவோம். 300 கிராம் அரிசியில் சுமார் 22. 75 கிராம் துவரம் பருப்பில் 16. ஒரு முட்டையில் 6. 300 மில்லி பாலில் அல்லது தயிரில் 9. ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. ஆக 60 கிராம். அரிசியில் குறைந்த லைசினைப் பருப்பு நிரப்புகிறது. பருப்பில் குறைந்த மெத்தியோனினை அரிசி நிரப்புகிறது. சோறும் சாம்பாரும் சேர்த்து உண்ட நம் முன்னோர் அமினோ அமிலத்தை அறியார். எனினும் அவர்தம் இலை நிறைவுடையதாகவே இருந்தது. கடும் பயிற்சி செய்வோர்க்கு இதனினும் கூடுதல் வேண்டுமெனினும், பின்னும் ஒரு முட்டையும், ஒரு கிண்ணம் சுண்டலும், வாரத்தில் சில நாள் மீனும் பெரும்பாலும் அதனை ஈடுசெய்யும். தசையை வளர்க்கப் புரதப் பொடி உண்பதைத் தவிர்க்குமாறு அதே நிறுவனம் 2024-இல் அறிவுறுத்தியது. ஒரு டப்பாவின் விலை சில ஆயிரம் ரூபாய். தினக்கூலி பெறும் இல்லத்தில் அத்தொகை எத்தனை நாள் முட்டைக்கும் பருப்புக்கும் ஆகுமென்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் தகும்.

வாங்கியே ஆக வேண்டியவர் செய்யத்தக்கன சில உள. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு அதிகாரத்தின் 14 இலக்க உரிம எண் உளதா என்று பார்க்க. உள்ளடக்கப் பட்டியலை முற்றும் படிக்க. அதில் கால்சியம், இரும்பு, பொட்டாசியம், வைட்டமின் 'கே', கபீன், மூலிகை ஆகியவற்றுள் எது காணப்படினும், உண்ணும் மாத்திரைகளின் பெயரோடு அப்பட்டியலையும் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுக. இருவகைக்கும் இடையே எத்தனை மணி நேரம் விடவேண்டுமென்று கேட்டு எழுதிக்கொள்க. பொடியை உண்பதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்துதல் எவ்வாற்றானும் கூடாது. ஐயம் நேரின் நிறுத்தத்தக்கது பொடியே.

நம் கல்லூரியிற் பயில்வோருள் பலர், தத்தம் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கவல்ல முதல் தலைமுறையினர். டப்பாவின்மேல் நுண்ணெழுத்தில் அச்சிட்டிருப்பதைத் தாயும் பாட்டியும் படித்தறிய மாட்டார். அதனைப் படித்துச் சொல்லுதல் நம் கடன். அடுத்த விடுமுறையில் வீடு செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், அலமாரியிலுள்ள மாத்திரைகளையும் டப்பாவையும் ஒருசேர எடுத்து வைத்து, இரண்டின் எழுத்தையும் பெரியோர்க்குப் படித்துக் காட்டுவாராயின், அதுவே கற்ற கல்வியின் பயனாகும்.