வயிற்றுக்குள்ளேயே முடிவாகும் முட்டைக் கணக்கு

கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எண் குறைவாக வந்துவிட்டால், "என்ன சாப்பிட்டே, ஏன் தள்ளிப் போட்டே?" என்று அந்தப் பெண்ணைத்தான் குடைகிறோம். இது அநியாயம். அவளுக்கு எத்தனை கருமுட்டைகள் என்ற கணக்கு, அவள் தன் தாயின் வயிற்றில் இருந்தபோதே எழுதப்பட்டுவிட்டது.

இடம் தேடி வரும் செல்கள்

முட்டையாகப் போகும் மூல செல்கள் சினைப்பையில் பிறப்பதில்லை. கரு மூன்று, நான்கு வாரமாக இருக்கையில், அதை ஒட்டிய மஞ்சள்கருப் பையின் சுவரில் அவை தென்படுகின்றன. அங்கிருந்து குடல் உருவாகும் பகுதி வழியாக நகர்ந்து, சினைப்பை அமையப்போகும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. வந்ததும் மளமளவென்று பெருகி, 20-வது வாரத்தில் 60 முதல் 70 லட்சம் வரை ஆகிவிடுகின்றன.

பாதியில் நிற்கும் பிரிவு

மூன்றாம் மாதவாக்கில் இந்தச் செல்கள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பைத் தொடங்குகின்றன. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதோடு வேலை நின்றுவிடும். மறுபடி தொடங்குவது, பல ஆண்டுகள் கழித்து அந்த முட்டை வெளியேறும் மாதத்தில்தான். 38 வயதில் வெளிவரும் முட்டை, 38 வருடங்களுக்கும் மேலாகக் குரோமோசோம்களைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த முட்டை. அந்தப் பிடி தளர்வதால்தான் தாயின் வயது கூடக்கூட, கருச்சிதைவும் டவுன் சிண்ட்ரோமும் கூடுகின்றன.

இழப்பும் இயற்கையே

பிறக்கும்போது மிஞ்சுவது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். ஆயுள் முழுக்க வெளியேறுவது ஏறத்தாழ 400 முதல் 500தான். பிறக்கும் முன்பே இத்தனை ஏன் அழிகின்றன? 2016-ல் லெய் லெய், ஆலன் ஸ்ப்ராட்லிங் இருவரும் எலிக்கருவில் ஒரு விடை கண்டார்கள். கொத்தாக இணைந்திருக்கும் செல்கள் தங்கள் நுண்ணுறுப்புகளை ஒரு செல்லுக்குள் அனுப்பிவிட்டு மடிகின்றன. வாங்கிக்கொண்ட செல் முட்டையாகிறது.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் முட்டைகள் குறைவது நிற்காது. எக்ஸ் குரோமோசோம் குறைபாடான டர்னர் சிண்ட்ரோம் உள்ள பெண்களுக்கோ முட்டைகள் உருவாகி, மிக வேகமாகக் கரைந்துவிடுகின்றன.

அம்மாவிடம் கேளுங்கள்

நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். புகைப்பழக்கம் மாதவிடாய் நிற்பதை ஒன்றிரண்டு ஆண்டுகள் முன்னே இழுத்துவிடும். அதை அறவே விடுங்கள். மாதவிடாய் நிற்கும் வயது பெரும்பாலும் தாய்வழியே ஒத்துப்போகும். அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். 45 வயதுக்கு முன்பே நின்றிருந்தால், குழந்தை பற்றி யோசிக்கும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.