நண்டுக்குள் வேர்விடும் சாக்குலினா

நண்டைப் புரட்டி அடிவயிற்றைப் பார்த்தால் அது ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். ஆணின் வயிற்று மடல் ஒடுங்கிய முக்கோணமாக இருக்கும்; பெண்ணின் மடல் அகன்றிருக்கும், சினையை அதற்கடியில்தான் சுமக்கும். ஐரோப்பியக் கரைகளில் வாழும் பச்சைக் கரைநண்டுகளில் சில இந்த அடையாளத்தைப் பொய்யாக்கிவிடுகின்றன. மடல் அகன்றிருக்கிறது, அதற்கடியில் மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற பை ஒன்று சினையைப் போலவே பிதுங்கி நிற்கிறது, ஆனால் நண்டு ஆண். அந்தப் பை சாக்குலினா கார்சினி என்னும் ஒட்டுண்ணியின் இனப்பெருக்க உறுப்பு.

சாக்குலினா கொட்டலசு வகையைச் சேர்ந்த உயிர். பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்பு ஓட்டோடு அப்பிக்கிடக்கும் கொட்டலசுக்கும் இதற்கும் உறவு உண்டென்று வளர்ந்த சாக்குலினாவைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. ஓடு, கால், கண் எதுவும் அதற்கு இல்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை வாயும் குடலும்கூட இல்லை. அயர்லாந்தின் கார்க் நகரில் பணிபுரிந்த இராணுவ மருத்துவர் ஜான் வான் தாம்சன், 1836இல் அதன் இளவுயிரிகளை ஆராய்ந்து உறவைக் கண்டுபிடித்தார். பையிலிருந்து நீந்தி வெளியேறும் அந்த நுண்ணிய உயிர்கள் கொட்டலசின் இளவுயிரிகளை ஒத்திருந்தன. இப்படி நண்டு, இறால் இனங்களுக்குள் வேர்விட்டு வாழும் கொட்டலசுகளில் இன்று சுமார் 300 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

பெண் இளவுயிரி நண்டின் உடலில் ஒரு மயிர்க்காலின் அடியைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. நீந்தும் கால்களையும் தசைகளையும் அங்கேயே கழற்றி எறிகிறது. மிஞ்சிய சிறு உடலிலிருந்து ஊசி போன்ற குழல் வளர்ந்து நண்டின் மேலுறையைத் துளைக்கிறது. அந்த ஊசி வழியே ஒட்டுண்ணி தன்னையே நண்டின் இரத்தத்துக்குள் செலுத்திக்கொள்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் ஈவ் டெலாஜ் 1884இல் இதை விவரித்தபோது சமகாலத்தவர் சிலர் ஏற்க மறுத்தனர். உள்ளே செல்வது புழு வடிவில் நகரும் பல செல் உடல் என்பதை, சாக்குலினாவின் நெருங்கிய உறவினம் ஒன்றில் ஹென்ரிக் கிளென்னர், யென்ஸ் ஹோக் என்னும் இருவர் 1995இல்தான் காட்டினர். டெலாஜ் சரியாகவே பார்த்திருந்தார்.

உள்ளே சென்றதும் வேர் பிடிக்கத் தொடங்குகிறது. குடலைச் சுற்றிப் படர்ந்து, கால்களுக்குள்ளும் கண்காம்புகளுக்குள்ளும் நுழையும் மெல்லிய இழைகள் நண்டின் இரத்தத்திலிருந்து நேரடியாக உணவை உறிஞ்சிக்கொள்கின்றன. கோபுரத்தின் இடுக்கில் முளைத்த அரசங்கன்று வெளியே இரண்டு இலைகளை மட்டும் காட்டிக்கொண்டு சுவருக்குள் நெடுந்தூரம் வேரோடியிருப்பதைப் போன்ற நிலை இது. ஆனால் சாக்குலினா தான் குடியிருக்கும் கட்டடத்தைச் சாய்ப்பதில்லை. நண்டு தொடர்ந்து இரை தேடுகிறது, உண்கிறது, நடமாடுகிறது. மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், வெளியே எந்த அறிகுறியும் தெரிவதில்லை. பிறகு வயிற்று மடலுக்கடியில், சினை இருக்க வேண்டிய அதே இடத்தில், பை வெளிப்படுகிறது.

பை வெளிப்பட்ட பின் நண்டு ஓடு கழற்றுவதில்லை. ஓடு கழற்றினால்தான் நண்டு வளரும், இழந்த காலும் அப்போதுதான் மீண்டும் முளைக்கும். இரண்டுமே அதோடு முடிந்துவிடுகின்றன. பழைய ஓட்டின் மேல் சாதாரணக் கொட்டலசுகளும் வந்து குடியேறுகின்றன. பெண் நண்டு இனிச் சினை வைக்காது. ஆண் நண்டிலோ ஆண் தன்மையைக் காக்கும் சுரப்பி சீர்கெட்டு, மடல் அகன்று, கொடுக்கு சிறுத்துவிடுகிறது.

இந்த ஒட்டுண்ணியின் மிக விசித்திரமான பக்கம் நண்டின் நடத்தையில் தெரிகிறது. பெண் நண்டு சினையைச் சும்மா சுமப்பதில்லை. பாசியும் அழுக்கும் படியாமல் துடைத்துக்கொண்டே இருக்கும். பொரிக்கும் நேரம் வந்ததும் மடலை அசைத்து நீரைக் கலக்கிக் குஞ்சுகளை வெளியே விடும். இந்தப் பராமரிப்பு முழுவதும் இப்போது ஒட்டுண்ணியின் பைக்குக் கிடைக்கிறது. ஆண் நண்டு தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சினை சுமக்காது. அதுவும் பையைத் துடைக்கிறது, உரிய நேரத்தில் மடலை அசைத்து ஒட்டுண்ணியின் குஞ்சுகளை நீரில் கலக்கிறது. பெண்ணுக்குரிய அந்தச் செயல்முறை ஆணின் நரம்புகளிலும் உறங்கிக் கிடக்கிறது, ஒட்டுண்ணி அதை எழுப்பிவிடுகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பராமரிப்பு ஒட்டுண்ணிக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை லாரி ரிச்சி, ஹோக் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கலிஃபோர்னியக் கரையின் பீங்கான் நண்டுகளில் துடைக்கும் கால்களை அகற்றிவிட்டால், பையில் அழுக்கேறி அது அழுகிப்போனது.

ஒட்டுண்ணிக்கும் ஆண், பெண் உண்டு என்பது நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. பைக்குள் விந்து உருவாகும் உறுப்புகள் இருந்ததால் அது இருபால் உயிர் என்றே கருதப்பட்டது. அந்த உறுப்புகள் உண்மையில் வெளியிலிருந்து வந்து குடியேறிய குள்ள ஆண்கள் என்பதை, இத்தொகுதியைச் சேர்ந்த வேறொரு இனத்தில், ஜப்பானிய விலங்கியலாளர் ரியூஸோ யனகிமாச்சி 1950களின் இறுதியில் தன் ஆசிரியருடன் சேர்ந்து நிறுவினார். பின்னாளில் ஹவாயில் எலிகளைப் படியாக்கம் செய்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. புதிதாக வெளிப்பட்ட பையின் சிறு திறப்பு வழியே ஆண் இளவுயிரி தன் உடலின் ஒரு துணுக்கை உள்ளே அனுப்புகிறது. உள்ளிருக்கும் இரண்டு அறைகளில் அறைக்கொன்றாக ஆண்கள் தங்கி, பெண்ணின் ஆயுள் முழுவதும் விந்து தந்துகொண்டிருக்கின்றன. ஆண் வந்து சேராத பை முதிர்ச்சியடையாது.

இவ்வளவு நுட்பமான வாழ்க்கையை அறிவியலே ஒரு காலத்தில் இழிவாகப் பேசியது. இங்கிலாந்தின் ரே லங்கெஸ்டர் 1880இல் 'சீரழிவு' குறித்து எழுதிய நூலில், உழைக்காமல் உண்ணும் உயிர் எல்லாவற்றையும் இழந்துவிடும் என்பதற்குச் சாக்குலினாவை எடுத்துக்காட்டாக்கினார். அவர் கால் இல்லை, கண் இல்லை என்று கணக்கிட்டது வளர்ந்த உடலை வைத்து. இளவுயிரிக்குக் கால் உண்டு. நண்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் புலன்களும் உண்டு. வேற்றுடலின் எதிர்ப்பாற்றலைத் தவிர்த்து, அதன் நரம்பையும் சுரப்பியையும் தன் தேவைக்கு வளைக்கும் திறனைச் சீரழிவு என்று சொல்ல இயலாது. அந்தப் பழைய வெறுப்பின் சாயல் இன்றும் மறையவில்லை. பாடநூல்களில் ஒட்டுண்ணிகள் நோய்ப் பட்டியலாக வந்துபோகின்றனவே தவிர, ஒரு கடற்கரையில் எத்தனை நண்டுகள் இனம் பெருக்கும் என்பதைத் தீர்மானிக்கும் உயிர்களாக அறிமுகமாவதில்லை.

வெறுப்பு ஒருபுறம் இருக்க, அவற்றைக் கருவியாக்கும் அவசரமும் ஆபத்தானது. பச்சைக் கரைநண்டு மனிதர்களோடு பயணித்து வட அமெரிக்கக் கரைகளில் பெருகி, சிப்பி வளங்களை அழித்தது. மலடாக்கும் ஒட்டுண்ணியை அதன்மேல் ஏவலாம் என்ற யோசனை எழுந்தது. கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் முதலில் ஆய்வகத்தில் சோதித்தார்கள். 2005இல் வெளியான முடிவுகளின்படி, சாக்குலினாவின் இளவுயிரிகள் அந்த ஊர் நண்டுகளின் மேலும் ஒட்டி உள்ளே நுழைந்தன. அங்கே முதிர முடியாமல் ஒட்டுண்ணி மடிந்தது, நண்டுகளும் இறந்தன. கடலில் விடுவதற்கு முன் சோதித்ததால் அந்த இழப்பு தவிர்க்கப்பட்டது.

அமெரிக்காவின் மறுகரையில் அத்தகைய கவனம் இருக்கவில்லை. மெக்சிகோ வளைகுடாவைச் சேர்ந்த லொக்ஸோதைலாகஸ் என்னும் உறவினம், 1960களில் சிப்பிகளை இடம் மாற்றியபோது அவற்றோடு வந்த சேற்று நண்டுகளுக்குள் இருந்தபடியே செசபீக் விரிகுடாவுக்கு வந்து சேர்ந்தது. பூர்விகக் கடலில் அதோடு நெடுங்காலம் பழகிய நண்டுகளில் தொற்று குறைவு. செசபீக்கின் சில இடங்களில் அது பல மடங்கு அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே ஃபுளோரிடா வரை அது பரவிவிட்டது.