கைமாற்றும் கடனும்: கண்டாவளைப் பகுதியின் அயற் பண்டமாற்று பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

வீட்டில் ஆக்கிய பொருள்களை அயலாருடன் மாற்றிக்கொள்ளும் வழக்கம் சிக்கன வாழ்வின் ஓர் உறுப்பாக அண்மைக் காலத்திற் பெரிதும் போற்றப்பட்டு வருகிறது. 2022 ஏப்பிரலில் இலங்கை அரசு தனது பிறநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கும் முடிவும் எடுக்கப்பட்டது. உள்ளதைக் கொண்டு அமைந்து, மிஞ்சியதை அயலாருடன் மாற்றி வாழ்ந்த பழைய கிராம வாழ்வுக்குத் திரும்புதலே மீட்சிக்கு வழி என்ற குரல் அக்காலத்தில் நாட்டின் பல முனைகளிலும் எழுந்தது.

இக்குரலை எள்ளி ஒதுக்குதல் பொருந்தாது. அதனை அப்படியே ஏற்றலும் இயலாது. பண்டமாற்று என்ற ஒரே சொல், தம்முள் முரண்பட்ட பல சமூக உறவுகளுக்குப் பொதுப் பெயராக வழங்குகிறது. அவ்வுறவுகளைப் பிரித்து நோக்காதவிடத்துச் சிக்கனம் என்பது வறியோர்க்குச் செல்வர் கூறும் அறவுரையாக மட்டுமே எஞ்சும். வன்னிப் பெருநிலத்தின் கண்டாவளைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அப்பிரிப்பினைச் செய்ய இங்கு முயல்கின்றோம். மாற்றுதற்குரிய பொருளை ஆக்கும் சாதனங்களை இரு பகுதியாரும் உடையராய் இருக்குமிடத்தே கைமாற்று ஓரளவேனும் சமத்துவமான உறவாக நிலவும் என்பதும், அச்சாதனங்கள் பறிபோகுமிடத்து அதே உறவு கடனாக உருமாறும் என்பதுமே நமது முடிபாகும்.

2

கண்டாவளை, கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலர் பிரிவுகளுள் ஒன்று. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்பன ஏனையவை. 1984இலேயே கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி முரசுமோட்டை, தருமபுரம் ஆகிய ஊர்களினூடாக இப்பகுதியைக் கடந்து செல்கிறது. வடக்கே ஆனையிறவு, சுண்டிக்குளம் நீரேரிகள் பரந்து கிடக்கின்றன. தெற்கே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டப்பெற்ற இரணைமடுக் குளம் உள்ளது. அக்குளத்துக்கு நீர் தரும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி நீரேரியிற் கலக்கிறது.

இவ்வமைவு மனங்கொள்ளத்தக்கது. மீனும் இறாலும் தரும் நீரேரிக் கரை, நெல் விளையும் வயல், தென்னையும் பனையும் நிற்கும் மணற்றரை, மாடு மேயும் தரவை, தேனும் விறகும் தரும் காடு ஆகிய யாவும் நடந்து செல்லும் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு குடும்பத்தின் கையில் மிகுவது மற்றொரு குடும்பத்தின் கையில் அரிதாகும். ஆகவே இங்கு பண்டமாற்று என்பது மக்களின் நற்குணத்தால் மட்டும் விளைந்ததன்று. உற்பத்தியின் பன்மையே அதன் அடித்தளமாகும்.

1974ஆம் ஆண்டில் வெளிவந்த தமது திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வில், பேராசிரியர் கா. சிவத்தம்பி ஐந்திணைகளைத் தமிழகத்தின் அசமத்துவ வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்கினார். அவ்விளக்கம் பண்டமாற்றை அறிவதற்கும் துணையாகும். ஒரே காலத்தில், அடுத்தடுத்த நிலங்களில், வெவ்வேறு உற்பத்தி நிலைகளில் வாழ்ந்த மக்கட் கூட்டங்கள் எல்லைகளிற் சந்தித்தபோது பொருள்கள் கைமாறின. சமூகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளிலேயே பண்டப் பரிமாற்றம் தொடங்குகிறது என்று 'மூலதனம்' முதற் பாகத்தில் மார்க்ஸ் கூறியதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

3

சங்கச் செய்யுள்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. புறநானூற்றின் 33ஆம் பாட்டிலே, வேட்டுவன் கொணர்ந்த மானிறைச்சிக்கும் ஆய்மகள் கொணர்ந்த தயிருக்கும் ஈடாக உழவர் மனைப் பெண்டிர் குளத்தின் கீழ் விளைந்த நெல்லை முகந்து கொடுக்கின்றனர். பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொடுத்தோர் மீனெய்யும் நறவும் பெறுகின்றனர். அகநானூற்றின் 140ஆம் பாட்டில் உமணர் மகள் நெல்லுக்கு உப்பு மாறக் கூவிச் செல்கின்றாள். பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகளோ நெய்யின் விலைக்குப் பொன் கொள்ளாது எருமையும் ஆனும் பெறுகின்றாள். பொன்னைக் கண்டறியாதவள் அல்லள் அவள். மேலும் பால் தரவல்ல உற்பத்திச் சாதனத்தையே அவள் விரும்பிப் பெறுகின்றாள் என்பது ஊன்றிக் கவனிக்கற்பாலது.

இவற்றிலும் நுட்பமான சான்று 'குறியெதிர்ப்பை' என்ற சொல்லாகும். ஓர் அளவைக் குறித்துப் பொருளைப் பெற்று, அதே அளவிற் பின்னர் திருப்பிக் கொடுத்தலை இது குறிக்கும். புறநானூற்றின் 163ஆம் பாட்டில், குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவிய மகளிரையும் மறவாது அவர்க்கும் கொடுக்குமாறு மனைவியை வேண்டுகிறார். புலவன் பரிசில் தேடிச் சென்ற நெடுங் காலத்தில் அவன் வீட்டு அடுப்பை எரியச் செய்தவர்கள் அயல்வீட்டுப் பெண்களே. வள்ளுவரோ ஈகை அதிகாரத்தின் முதற் குறளில், வறியார்க்குக் கொடுப்பதே ஈகை எனவும் ஏனைய கொடையெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையது எனவும் பிரிக்கிறார். அறநூலார் தாழ்த்திய அதனை, வறுமையை அனுபவித்த புலவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலுள்ள தூரம் கொடுப்போன் நிலைக்கும் பெறுவோள் நிலைக்கும் இடையிலுள்ள தூரமாகும்.

4

ஈழத்துத் தமிழில் இன்றும் வழங்கும் 'கைமாற்று' என்ற சொல் குறியெதிர்ப்பையின் நேர் வாரிசு எனலாம். வட்டியின்றி, எழுத்தின்றி, அயலட்டையின் நம்பிக்கையில் மட்டும் பெறப்படுவது அது. கண்டாவளைப் பகுதியிற் காணப்படும் பரிமாற்றங்களை நாம் மூன்றாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, வேலிக்கு இரு மருங்கும் நிகழும் கைமாற்று. தேங்காய், தயிர், முட்டை, முருங்கைக்காய், ஒடியல், பனாட்டு, பனையோலையில் இழைத்த பெட்டி, கடகம், நீத்துப்பெட்டி, நீரேரி மீன், கருவாடு முதலியன இதில் இடம்பெறுவன. நெல்லும் அரிசியும் சுண்டு, கொத்து ஆகிய அளவைகளால் அளக்கப்படும். ஏனைய பொருள்களுக்கு அளவு பேசப்படுவதில்லை. ஆயினும் கணக்கு இல்லையென்று கருதிவிடலாகாது. பொருள் கொண்டுவந்த ஏதனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பலாகாது என்ற வழக்கமே அக்கணக்கின் ஏடு. திரும்பும் ஏதனத்தில் ஒரு பிடி கீரை இருப்பினும் உறவு தொடர்கிறது என்பது பொருள். விளக்கு வைத்த பின்னர் உப்பும் உறைமோரும் கொடுத்தலாகாது என்ற விலக்கையும் மூடநம்பிக்கையென ஒரு சொல்லிற் கழித்துவிட முடியாது. மனம் நோகாது மறுப்பதற்கு அது இடந்தருகிறது. ஓயாத கேட்புக்கு ஓர் எல்லையும் வகுக்கிறது. இங்கு பொருளின் பயன் பெறுமதியே முன்னிற்கிறது. பரிமாற்றுப் பெறுமதி இன்னும் தனித்தலைமை பெறவில்லை.

இரண்டாவது, அரிவு வெட்டிச் சூடு மிதித்த களத்திலே அளந்து கொடுக்கப்பட்ட நெல். சலவைத் தொழிலாளர், சவரத் தொழிலாளர், கொல்லர் ஆகியோர் ஆண்டு முழுவதும் ஆற்றிய பணிக்கு ஈடாக இந்நெல் அமைந்தது. இதுவும் பணமற்ற பரிமாற்றமே. ஆனால் இவ்விருவரும் அயலார் அல்லர். ஒருவர் நிலமுடையவர், மற்றவர் பிறப்பினாற் பணிக்குக் கட்டுண்டவர். சாதி எல்லை அயல் உறவினுள்ளும் செயற்பட்டது. அரிசியும் தேங்காயும் அவ்வெல்லையைக் கடந்து சென்றன. சமைத்த சோறு ஒருவழியாக மட்டுமே சென்றது. பழைய கிராமத்தின் பகிர்வு வாழ்வைப் பாடுவோர் இதனை மறந்து விடுகின்றனர்.

மூன்றாவது, வணிகருடன் நிகழும் மாற்று. காலபோகப் பயிர் வயலில் நிற்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களிற் குடும்பத்தின் கையிருப்பு நெல் வற்றும். அவ்வேளை கடைக்காரர் சீனி, மண்ணெண்ணெய், சீலை முதலியவற்றைக் கொப்பியிற் பதிந்து கொடுப்பர். மாசி, பங்குனியில் விளைவு வீடு சேருமுன் அக்கணக்கு நெல்லாக அறவிடப்படும். பஞ்ச மாதத்தின் விலையிற் பெற்ற பண்டத்துக்கு விளைவு மாதத்தின் விலையில் நெல் கொடுக்கப்படுகிறது. இவ்விரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் வட்டி மறைந்துள்ளது. வெளித்தோற்றத்தில் இதுவும் பண்டத்துக்குப் பண்டம் மாற்றுதலே. உள்ளடக்கத்தில் இது சுரண்டல். வன்னிக் கமக்காரர் மீது நடத்தப்படும் சுரண்டலைப் பொருளாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'காட்டாறு' நாவல் 1977இல் வெளிவந்தமை இவ்வகையில் நினைவுகூரத்தக்கது.

5

இம்மூவகையுள் முதலாவதே சிக்கனம் எனப் போற்றப்படுவது. அது பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் இயங்குவது. தயிர் தோய்ப்பதும், ஒடியல் காய்ப்பதும், ஓலை இழைப்பதும், எந்த வீட்டில் எப்பொழுது எது தட்டுப்படும் என்பதை நினைவில் வைத்திருப்பதும் அவர்களே. இவ்வுழைப்புக்குச் சந்தையில் விலை இல்லையாதலின் அது உழைப்பாக எண்ணப்படுவதில்லை. குடும்பத்தின் செலவைக் குறைக்கும் ஒவ்வொரு சதமும் ஒரு பெண்ணின் நேரமாக எங்கோ செலவழிகிறது. அவ்வாறு குறைந்த செலவு, நெல்லைக் குறைந்த விலைக்கு விற்கவும் குறைந்த கூலிக்கு உழைக்கவும் குடும்பத்தை இயலச் செய்கிறது. ஆகவே வீட்டுச் சிக்கனத்தின் பயன் வீட்டினுள் மட்டும் தங்குவதில்லை. வணிகனுக்கும் நிலவுடைமையாளனுக்கும் அதிற் பங்குண்டு.

எனினும் கைமாற்றின் தற்காப்பு ஆற்றலைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1970 - 1977 காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றைப் பயிரிட்ட வடபகுதிக் கமக்காரருக்கு நல்ல விலையை ஈட்டித் தந்தன. அதே காலத்தில் அரிசி தட்டுப்பட்ட வீடுகளில் மரவள்ளியும் ஒடியற் கூழும் பசி தீர்த்தன. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அவ்விலைப் பாதுகாப்பை அகற்றியது. 1990இல் மீண்டும் மூண்ட போரையடுத்து எரிபொருள், மின்கலம், சீமெந்து, செயற்கை உரம் முதலியவை வன்னிக்குச் செல்வது தடுக்கப்பட்டது. 2002 வரை நீடித்த அப்பொருளாதாரத் தடையின்போது சிறு போத்தலில் திரியிட்ட விளக்குகள் வீடுகளில் எரிந்தன. சந்தை அற்றுப்போன இடத்தில் மக்கள் உயிர்வாழ்ந்தமைக்கு நிலம், மரம், மாடு, அயல் ஆகிய நான்கும் காரணங்களாயின.

6

அந்நான்கும் ஒருசேரக் குலைந்தது 2009இலாகும். அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் இப்பகுதி மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் வவுனியா மாவட்டத்தின் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2010 முதல் மீண்டவர்களை வரவேற்றவை தலையற்ற தென்னைகளும் பனைகளும் கூரையற்ற சுவர்களுமாம். மந்தைகள் சிதறியிருந்தன. அயலாருள் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

தேங்காய் இல்லாதவர் தேங்காய் கொடுக்க முடியாது. பெற்றதற்கு ஈடு கொடுக்க வழியில்லாத குடும்பம் அயல்வீட்டு வாசலுக்குச் செல்லக் கூசும். இவ்வெற்றிடத்திலேயே நுண்கடன் நிறுவனங்கள் வடபகுதிக் கிராமங்களிற் புகுந்தன. அவை பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தன. ஒருவர் தவணை தவறின் ஏனையோர் பொறுப்பு என விதித்தன. இவ்விதியின் பொருள் யாது? அயலாரிடையே தலைமுறைகளாக விளைந்த நம்பிக்கையே கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டது. முன்பு உறைமோர் கேட்டு வந்த பெண், இப்போது தவணைப் பணம் கேட்டு வரவேண்டியவளானாள். வேலியின் மறுபக்கத்திலிருந்த துணை கண்காணிப்பாக மாற்றப்பட்டது. நிலைமை முற்றியதன் விளைவாக 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களது நுண்கடன்களில் 100,000 ரூபாவுக்கு உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை அறிவிக்க நேர்ந்தது.

கிளிநொச்சி மாவட்டத்தில் இன்னொரு பிரிவினரையும் இங்கு கருத்திற் கொள்ளல் வேண்டும். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுட் பல, காணி உரிமைப் பத்திரமின்றி நெடுங் காலம் கூலியுழைப்பிலேயே தங்கியிருந்தன. அவர்களுக்கு வளவும் மரமும் உறுதியாக இல்லாதவிடத்து, கைமாற்றின் உலகம் தொடக்கத்திலேயே பாதி அடைபட்டிருந்தது. ஆட்டையோ மாட்டையோ வாரத்துக்குப் பெற்று வளர்த்து, ஈன்ற குட்டியிற் பங்கு பெறுவது அவர்கள் அவ்வுலகினுட் புக வகுத்துக்கொண்ட வழிகளில் ஒன்று.

7

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிபு தெளிவானது. அயற் பண்டமாற்றுச் சிக்கனத்தின் காரணமன்று, உடைமையின் விளைவு. சிறிதளவேனும் நிலமும் நீரும் மரமும் கால்நடையும் தமக்கென உடையோர், தம்முள் ஒருவருக்கொருவர் தாங்காக நிற்பதற்குக் கண்ட வழி அது. அவ்வழி சாதியால் குறுக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பை மறைத்தது. எனினும் கொப்பிக் கணக்குக்கும் தவணைக் கணக்குக்கும் எதிராக மக்கள் கையில் இருந்த அரண்களுள் அது ஒன்று.

ஆதலால் வன்னி மக்களுக்குச் சிக்கனம் போதித்தல் தேவையற்றது. அவர்கள் அறியாத சிக்கனத்தை நாம் அறிந்திலோம். தேவையானவை காணியுரிமை, வாய்க்காலின் கடைசி வயலுக்கும் சென்று சேரும் நீர், விளைவு மாதத்தில் நெல்லுக்கு உறுதியான விலை, வட்டிக்கொடுமையற்ற கூட்டுறவுக் கடன் என்பனவாம். இவை கிட்டுமாயின் கைமாற்று தானே தழைக்கும். கிட்டாதவிடத்து, கைமாற்றின் பெருமை பேசுவது வெறும் ஏதனத்தைத் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பாகும்.