ஆற்றை அளத்தலும் மீனை அறிதலும்

ஓர் ஆற்றின் நீள அகலங்களை அளந்துவிடலாம், ஆழத்தையும் அளந்துவிடலாம். ஆனால், அவ்வாற்றில் ஒரு மீன் வாழ்தற்குரிய இடம் எதுவெனக் கண்டு படமாக வரைதல் எளிதன்று. மனிதன் தன் தேவைக்கேற்ப உருமாற்றிய பேராறுகளில் அப்பணி மேலும் அரிதாகின்றது. அமெரிக்காவின் மிசௌரி நதி இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

மொன்டானா மாநிலத்து மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 3,767 கி.மீ. ஓடி, செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் மிசிசிப்பியுடன் கலக்கும் இந்நதி, முற்காலத்தில் மணல் திட்டுகளும் கிளையோடைகளுமாய்ப் பரந்து கிடந்தது. இன்றோ, 1933இல் பணி தொடங்கப்பெற்ற ஃபோர்ட் பெக் அணை உட்பட 6 பேரணைகள் அதன் குறுக்கே நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே, சூ சிட்டி முதல் மிசிசிப்பியைச் சேரும் இடம் வரை, சுமார் 1,180 கி.மீ. தூரம் கப்பல் போக்குவரத்துக்கெனத் திருத்தப்பட்டது. 1945இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டம் 1981இல் நிறைவெய்தியது. கரைகள் கற்களால் இறுக்கப்பட்டன. நதி ஒரே கால்வாயாய் ஒடுங்கியது.

இம்மாற்றத்தால் பெரிதும் நலிந்தது பாலிட் ஸ்டர்ஜன் என்னும் மீனினம். மண்வெட்டி போன்ற மூக்கும், உடலில் எலும்புத் தகடுகளும் கொண்ட இம்மீன் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. 1990இல் இது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகளை நதியில் விட்டே இதன் எண்ணிக்கை பேணப்பட்டு வருகின்றது.

இழந்த வாழிடத்தை மீட்க வேண்டுமெனில், அதற்கோர் இலக்கணம் வேண்டுமல்லவா? 2000, 2003ஆம் ஆண்டுகளின் அரசு ஆவணங்கள் அதனை வகுத்தன. 1.5 மீட்டருக்குக் குறைந்த ஆழமும், வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் குறைந்த வேகமும் உடைய நீர்ப்பரப்பே தேவையான வாழிடம் எனப்பட்டது. மைலுக்கு 20 முதல் 30 ஏக்கர் வரை அத்தகைய பரப்பு இருத்தல் வேண்டும் என்பது குறிக்கோள். படகில் பொருத்திய கருவிகள் ஒலியலைகளை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆழத்தையும் வேகத்தையும் அளந்தன. கிளையோடைகள் வெட்டப்பட்டன, ஏக்கர் கணக்கு ஏறியது. மீனினமோ எதிர்பார்த்தவாறு பெருகவில்லை.

காரணம் யாது? மீன்களின் உடலில் ஒலிபரப்பும் சிறு கருவிகளைப் பதித்து ஆய்வாளர் பின்தொடர்ந்தனர். கீழ்மிசௌரியில் அவை நதி வளைவின் வெளிப்புறத்தே, ஆழமும் வேகமும் மிக்க நீரில் முட்டையிடுவதைக் கண்டனர். பொரிந்த இளங்குஞ்சுகள் பல நாள்கள், பல நூறு கிலோமீட்டர் தூரம் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன. மேல்மிசௌரியிலோ, அவை தாமே நீந்தி இரைதேடும் பருவத்தை எய்துமுன் அணையின் நீர்த்தேக்கத்தை அடைந்துவிடுகின்றன. அங்கே வண்டல் படிந்த அடிப்பகுதியில் பிராணவாயு இன்மையால் அவை மடிகின்றன என்பது 2015இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

ஆழமற்ற நீர் இருந்தால் மட்டும் போதாது. மிதந்து வரும் குஞ்சை விரைந்தோடும் மைய நீரோட்டத்தினின்று விலக்கி ஏற்றுக்கொள்ளும் இடமாக அது அமைய வேண்டும். உரிய நாளில் அங்கே இரையும் இருக்க வேண்டும். அவ்வாறு குஞ்சுகளைத் தடுத்து ஏற்று வளர்க்கும் இடங்களை அமைத்துச் சோதிப்பதே பின்னர் எழுந்த முயற்சியாகும்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். அந்நோக்கில் காணின், ஆழமும் வேகமும் மட்டுமே குறித்த படம் நிலத்தை மட்டும் கூறி நின்றுவிடுகின்றது. குஞ்சு எந்நாளில் பொரிகின்றது, எத்துணைத் தூரம் மிதக்கின்றது, எங்கே முதல் இரையை உண்கின்றது என்பனவும் குறிக்கப்பெற்றாலன்றி அப்படம் முழுமை பெறாது. அதனை முழுமை செய்யாது நதியில் வெட்டப்படும் ஓடைகள் ஏக்கர் கணக்கை நிறைக்கலாம், மீனைக் காக்கமாட்டா.