பதவி உண்டு, பட்டம் இல்லை: பள்ளி உளவியலாளரைத் தேடும் நாடு

புதுதில்லி: ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பாடத்தைக் கேட்டால் தடையின்றிச் சொல்கிறான், எழுதச் சொன்னால் நான்கு வரிக்குள் தடுமாறுகிறான். சோம்பேறி என்கிறார் ஆசிரியர். கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார் தந்தை. குறை கண்ணிலும் இல்லை, அறிவிலும் இல்லை, எழுத்தை வாசித்து அறியும் திறனில்தான் என்று சோதித்துச் சொல்லக் கூடியவர் உளவியலாளர். அத்தகையவரை உருவாக்கும் படிப்பு நம் நாட்டில் எந்த நிலையில் உள்ளது என்று பார்த்தால், கிடைக்கும் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

1995-ம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்தது. 2016-ம் ஆண்டில் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அப்போதுதான் சேர்ந்தன. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயது முதல் சான்றிதழ் வழங்கலாம் என்றும், 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்றும் வகுத்தன. உளவியல் பரிசோதனை இன்றி அச்சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையேல், சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் மணிக்கு 20 நிமிட கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதும் உதவியாளரோ கிடைக்காது.

ஆனால், அந்தப் பரிசோதனையைச் செய்பவர் எங்கே பயிற்சி பெறுகிறார்? மருத்துவமனையில். கிளினிக்கல் சைக்காலஜி எனப்படும் மருத்துவ உளவியலுக்கான பயிற்சி பெங்களூரில், இன்று நிமான்ஸ் ஆகிவிட்ட அன்றைய அகில இந்திய மனநல நிறுவனத்தில், 1955-ம் ஆண்டு டிப்ளமாவாகத் தொடங்கிற்று. பின்னர் அது இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். ஆயிற்று. இப்படிப்பை முடித்தவர், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு பணியாற்றுகிறார். மனச்சிதைவு, மனச்சோர்வு, போதைப் பழக்கம் என்று பெரியவர்களின் நோய்களைப் பயில்வதற்கிடையே குழந்தைகள் பிரிவு அவருக்கு ஒரு கட்டம் மட்டுமே. வகுப்பறை அவருடைய பயிற்சிக் களம் அல்ல.

வகுப்பறைக்கு அருகில் இருப்பவரோ பள்ளி ஆலோசகர். இவர்களுக்காக என்சிஇஆர்டி ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. வழிகாட்ட அப்பயிற்சி உதவும். குறைபாட்டைக் கண்டறிந்து சான்றளிக்கும் தகுதியை அது தருவதில்லை. இவ்விருவருக்கும் இடையில் நிற்க வேண்டிய கல்வி, குழந்தை உளவியலாளர் என்ற தனித் தொழிலுக்கு நம் நாட்டில் சட்டப் பதிவும் கிடையாது, அதற்கென முனைவர் பட்டமும் கிடையாது.

முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர்கள் பல்கலைக்கழகங்களில் நிறையவே உள்ளனரே என்று கேட்கலாம். அது ஆராய்ச்சிப் பட்டம். வினாப்படிவம் கொடுத்து, விடைகளைத் தொகுத்து, ஆய்வேடு எழுதி முனைவரான ஒருவர், ஒரு குழந்தையைக் கூட எதிரே அமர்த்திப் பரிசோதிக்காதவராக இருக்கக் கூடும். பெயருக்கு முன்னால் உள்ள அந்த எழுத்தின் பொருள் பெற்றோருக்கு எப்படித் தெரியும்?

பிரிட்டனில் நிலைமை வேறு. 1913-ம் ஆண்டிலேயே சிரில் பர்ட் என்பவரைப் பள்ளிகளுக்கான உளவியலாளராக லண்டன் கவுன்ட்டி கவுன்சில் நியமித்தது. இங்கிலாந்தில் ஆசிரியராகப் பணியாற்றியவர் ஓராண்டு முதுகலை பயின்று இத்தொழிலுக்கு வருவதே நெடுங்கால வழக்கம். 2006-ம் ஆண்டு முதல் அது மூன்றாண்டு முனைவர் பட்டமாயிற்று. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் பெரும்பகுதியை மாணவர் உள்ளாட்சிகளின் உளவியல் சேவைகளில், மேற்பார்வையின் கீழ்க் கழிக்க வேண்டும். ஆய்வேடும் எழுத வேண்டும். 2009 முதல், பதிவு பெறாதவர் அப்பதவிப் பெயரைப் பயன்படுத்துவது குற்றம். இவ்வளவு இருந்தும் அங்கே ஆள் பற்றாக்குறை தீரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவும் இவ்விஷயத்தில் பின்தங்கித் தொடங்கவில்லை. அலாகாபாதில் 1947-ம் ஆண்டிலேயே உத்தரப் பிரதேச அரசின் உளவியல் கழகம் பள்ளி மாணவர்களுக்காகத் தோன்றிற்று. தில்லியில் 1954-ல் மத்திய கல்வி, தொழில் வழிகாட்டுதல் கழகம் அமைந்தது. அந்தத் தொடக்கம் தனித் தொழிலாக வளரவில்லை.

கருவிகளின் கதையும் இதுவே. குழந்தையின் அறிவுத் திறனை அளக்க நம் நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் பினே-காமத் சோதனை, 1930-களில் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக வி.வி. காமத் திருத்தி அமைத்தது. மற்றொன்றான மாலின் சோதனை 1969-ம் ஆண்டு நாகபுரியிலிருந்து வந்தது. தமிழோ ஒடியாவோ பேசும் குழந்தையிடம் இவற்றைப் பயன்படுத்தும்போது, மதிப்பெண் குறைந்தது திறனாலா, மொழியாலா என்பதை அனுபவம் மிக்கவர்தான் பிரித்தறிய முடியும். நீண்ட பயிற்சி தேவைப்படுவது இங்கேதான்.

இதற்கிடையே, இருந்த ஒரே பாதையும் மாறிவிட்டது. தேசிய கல்விக் கொள்கை 2020, எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்டது, 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவும் (யுஜிசி) அதை விலக்கி விதிகள் வெளியிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு நீட்டிக்கப்பட்டது. டாக்டர் ஆஃப் சைக்காலஜி எனும் தொழில்முறை முனைவர் படிப்பு மறுவாழ்வு கவுன்சிலின் பட்டியலில் உண்டு. அதுவும் மருத்துவ உளவியலுக்கே. மேற்பார்வையாளர் ஒருவருக்கு இத்தனை மாணவர் என்ற வரம்பு இருப்பதால் இடங்களை எளிதில் பெருக்கவும் இயலாது. வரம்பு நியாயமானதே, மேற்பார்வையாளர்களைப் பெருக்காததுதான் குறை.

தேவையோ நீதிமன்றம் வரை சென்றுவிட்டது. 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் தெரிவித்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலை 25-ம் தேதி உச்ச நீதிமன்றம் 15 நெறிமுறைகளைப் பிறப்பித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

மூவரில் எவரை வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்பதால், குறைந்த ஊதியத்துக்கு யார் வருவார் என்றே பல நிர்வாகங்கள் பார்க்கும். அதே ஆண்டில், தொலைநிலை வழியில் உளவியல் கற்பிப்பதையும் யுஜிசி நிறுத்தியது. நேரடிப் பயிற்சி இன்றி இத்தொழிலைக் கற்க முடியாது என்பது அதற்கான காரணம். ஐந்தாம் வகுப்பு மாணவனின் தந்தை இப்போதைக்கு மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குத்தான் பேருந்து ஏற வேண்டும்.